அத்திக்கடவுக்குக் கணக்கு கேட்டோம், ரஃபேலுக்குக் கேக்கக்கூடாதா?

அவிநாசி விவசாயி:
போன வாரம் சூலூர்ல ஒரு கல்யாணம். பந்தியில இருக்கறப்ப நம்ம நாட்டுத் தயாரிப்பு தேஜஸ் போர் விமானம் ஒண்ணு தலைக்கு மேல போச்சுங்க. பக்கத்து இலைக்காரர் “ராணுவம் வாங்கற விமானத்துக்கு நாம கணக்கு கேக்கறது தேசத் துரோகம்”னுட்டாரு. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறல.

2016 செப்டம்பர்ல பிரான்ஸ்கிட்ட 36 ரஃபேல் போர் விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டாங்க. ஏறக்குறைய 59,000 கோடி ரூபாய். வகுத்துப் பாத்தா ஒண்ணுக்கு 1,600 கோடிக்கு மேல. எங்க குளங்களுக்குத் தண்ணி கொண்டுவர்ற அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 1,652 கோடின்னு ஆரம்பிச்சு 1,916 கோடியில முடிஞ்சுது. எங்கப்பன் காலத்துல இருந்து கேட்டு, 2024 ஆகஸ்ட்லதான் தண்ணி விட்டாங்க. செலவு ஏன் ஏறுச்சுன்னு குளத்துக்கரையில நின்னு யார் வேணா கேக்கலாம். விமானத்துக்கு மட்டும் வாயை மூடிக்கோணுமா?

சூலூர் முன்னாள் விமானப்படை:
அண்ணா, நான் இருபது வருசத்துக்கு மேல விமானப்படையில டெக்னீசியனா இருந்தவன். நீங்க வகுத்ததே தப்புங்க. அந்தத் தொகையில ஏவுகணை, உதிரிபாகம், நம்ம நாட்டுக்குன்னு செஞ்ச மாற்றம், பராமரிப்பு எல்லாம் அடக்கம். வெறும் விமானம் சுமார் 670 கோடின்னு 2016 நவம்பர்லயே பாராளுமன்றத்துல சொன்னாங்க. 2018 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் இந்த ஒப்பந்தத்துக்கு விசாரணை தேவையில்லைன்னுச்சு. அடுத்த வருசம் சீராய்வு மனுவையும் தள்ளிருச்சு. முன்னால 126 விமானத்துக்குப் பேசுன பேரத்தை விட 2.86 சதவீதம் குறைவுன்னு, அரசாங்கக் கணக்கைத் தணிக்கை பண்ற சிஏஜி சொல்லிருச்சு.

இன்னொண்ணுங்க. 1986ல போஃபர்ஸ் பீரங்கி வாங்குனதுக்கு அப்புறம் 2017 வரைக்கும் வெளிநாட்டுப் பீரங்கி புதுசா ஒண்ணும் ராணுவத்துக்கு வரல. அந்த லஞ்சப் புகாரால கையெழுத்துப் போடவே அத்தனை பயம். 126 விமானம் வாங்கறதுக்கு 2007ல டெண்டர் விட்டு, 2012ல ரஃபேலைத் தேர்வு பண்ணியும் முடிவாகல. 1963ல சேர்த்த மிக்-21 போர் விமானத்தை 2025 வரைக்கும் ஓட்டுனோம். 42 போர் விமானப் படைப்பிரிவு இருக்கோணும், மிக் போனப்ப 29தான் மிச்சம். நான் சரிபாத்து அனுப்புன விமானம் திரும்பி வருதான்னு ஓடுபாதையையே பாத்துட்டு நின்ன நாள் எத்தனையோ இருக்குதுங்க. அந்த நாளுக்கு யார் கணக்குக் குடுப்பாங்க?

கோபி:
சண்டை வந்தா அவிநாசி அண்ணன் கணக்கு நோட்டையா தூக்கிட்டுப் போவாரு? விலையைப் போட்டா என்ன ஆயுதம் மாட்டியிருக்குதுன்னு எதிரி கண்டுபிடிச்சுருவான். விடுங்க.

அவிநாசி விவசாயி:
தம்பி, எந்த ஏவுகணைன்னு நான் கேக்கவே இல்ல. தோட்டத்துல போர்வெல் போட்டா அடிக்கு எவ்வளவு, கேசிங் பைப்புக்கு எவ்வளவுன்னு தனித்தனியாக் கேக்கறோம். கடன் வாங்கியாவது குடுக்கறவங்க நாமதானே.

சிஏஜி அறிக்கைன்னு சொல்றீங்க. அதுல விலை வர்ற இடமெல்லாம் மறைச்சுத்தான் அச்சடிச்சாங்க. நீதிமன்றமோ, விலையை ஒப்பிடறது எங்க வேலை இல்லைன்னு சொல்லிருச்சு. அந்த அறிக்கையைப் பாராளுமன்றத்தோட பொதுக் கணக்குக் குழு பாத்தாச்சுன்னு வேற தீர்ப்புல இருந்துச்சு. அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்ததே 2019 பிப்ரவரியிலதான். தீர்ப்பைத் திருத்தச் சொல்லி அரசாங்கமே மனுப் போட்டுச்சு. அப்புறம் யார்தான் முழு விலையையும் பாத்தாங்க?

கணபதி லேத்:
ரெண்டு பேரும் விலையிலயே நிக்கறீங்க. ரஃபேல் ஒப்பந்தத்துல பாதித் தொகைக்கு நம்ம நாட்டுல வேலை தரோணும்னு ஆஃப்செட் இருக்குது. அதுவும் கோயமுத்தூரு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துல ஒரு மையம்னு அறிவிச்சாங்க. அதை நம்பி வங்கிக் கடன்ல கம்ப்யூட்டர்ல ஓடற விஎம்சி மெஷின் போட்டேன், விமான பாகம் செய்யறதுக்கான ஏஎஸ் 9100 தரச் சான்றிதழும் வாங்குனேன். கொட்டேஷன் கேப்பாங்க, சாம்பிள் வாங்குவாங்க, ஆர்டர் வராது. இன்னைக்கும் பம்ப் பார்ட்ஸ் ஜாப் ஒர்க்லதான் தவணை கட்டறேன்.

என் ஒருத்தன் கதை இல்லைங்க இது. 2018 முடிய எல்லா ராணுவக் கொள்முதல் ஒப்பந்தத்துலயும் சேர்த்து 19,223 கோடிக்கு ஆஃப்செட் நிறைவேத்தியிருக்கோணும், கம்பெனிகள் செஞ்சதாக் கணக்குக் காட்டுனது 11,396 கோடிதான்னு சிஏஜி எழுதியிருக்குது. வாங்கறப்ப மேடையில நின்னவங்க யாரும் இதைக் கேட்டதாத் தெரியல.

தேஜஸும் அப்படித்தான். 2021ல மார்க்-1ஏங்கற புது ரகத்துல 83 விமானத்துக்கு ஆர்டர் குடுத்தாங்க. 2024 மார்ச்சுல வர ஆரம்பிக்க வேண்டியது. அமெரிக்காக்காரன் தரவேண்டிய என்ஜின்ல முதல் ஒண்ணே 2025 மார்ச்சுலதான் வந்துச்சு.

சூலூர் முன்னாள் விமானப்படை:
லேத் அண்ணன் சொல்றது நெம்பச் சரிங்க. தாமதமும் ஒரு செலவுதான், அதை உயிராலயும் கட்டறோம். ஆனா விலையைப் பேப்பர்ல போடச் சொல்றதுக்கு நான் ஒத்துக்கவே மாட்டேன்.

அவிநாசி விவசாயி:
பேப்பர்ல வேண்டாங்க. பொதுக் கணக்குக் குழுவுல ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எம்பிக்கள் ரெண்டு பக்கமும் இருக்காங்க. கதவைச் சாத்திட்டு அவங்க முன்னால முழுக் கணக்கையும் வைக்கட்டும். 2025 ஏப்ரல்ல கடற்படைக்கு 26 ரஃபேல், 63,000 கோடின்னு மறுபடியும் கையெழுத்தாயிருச்சு. அதுல இருந்தாவது ஆரம்பிக்கட்டும்னு நம்ம எம்பிக்குக் கடுதாசி எழுதறேன்.

சூலூர் முன்னாள் விமானப்படை:
தேஜஸ் தாமதத்துக்கு எந்த மந்திரி, எந்த அதிகாரி பொறுப்புன்னு அதுலயே கேளுங்ணா. கேட்டீங்கன்னா நானும் கையெழுத்துப் போடறேன்.