27 மெகாஹெர்ட்ஸ் பழைய ரிமோட் செட்: ரிசீவர் வேலை செய்யவில்லை, உதவி தேவை

கேள்வி:
மாமாவின் நாலு சானல் (நாலு அசைவுகளைத் தனித்தனியாக இயக்கும்) மாடல் விமான ரிமோட் செட் என் கைக்கு வந்திருக்கிறது. 1970களின் கடைசியில் வாங்கியது, ஏரியலில் மஞ்சள் ரிப்பன் இன்னும் இருக்கிறது. டிரான்ஸ்மிட்டருக்குப் புது பேட்டரி போட்டதும் மீட்டர் முள் நன்றாக ஏறுகிறது. ரிசீவர் பக்கம்தான் சிக்கல். அதன் நிக்கல் காட்மியம் பேக் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு, அதே ஒயரில் புது 4.8 வோல்ட் பேக்கைப் பற்றவைத்தேன். ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. ரிசீவர் முனையில் 5.1 வோல்ட் காட்டுகிறது, ஆனால் சர்வோ (விமானத்தின் மடிப்புகளை அசைக்கும் சின்ன மோட்டார்) எதுவும் அசையவில்லை. சுவிட்ச் அருகே ஒயரை ஆட்டினால் ஒருமுறை துடித்து அடங்குகிறது. அலைவரிசையை நிர்ணயிக்கும் கிரிஸ்டல் போய்விட்டதா? மாமா செய்த பால்சா மர விமானத்தை இதே செட்டில் பறக்கவிட ஆசை.

பதில்:
கிரிஸ்டலை விடுங்கள் தம்பி, ஈயம் பிடிக்கவில்லை என்றீர்களே, அதுதான் விஷயம். பேட்டரியிலிருந்து கசிந்த காரம் கறுப்பு (நெகட்டிவ்) ஒயருக்குள்ளேயே ஊர்ந்து போகும். வெளியே ரப்பர் புதிதுபோல் இருக்கும், உள்ளே செம்பு கறுத்துப்போயிருக்கும். லோடு இல்லாமல், அதாவது எதையும் ஓட்டாமல் அளந்தால் 5.1 காட்டத்தான் செய்யும். சர்வோவைச் செருகிவிட்டு அளந்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
அளந்தேன் அண்ணா, 2.8க்கு இறங்கிவிட்டது! கறுப்பு ஒயரைச் சீவினால் கரிபோல் உதிர்கிறது. சுவிட்சுக்குள் பச்சைக் களிம்பு.

பதில்:
அப்போ ஒயர், சுவிட்ச், பிளக் மூன்றையும் மாற்றிவிடுங்கள். சுரண்டிச் சரிசெய்ய முயல வேண்டாம், விமானம் மேலே இருக்கும்போது அறுந்தால் எல்லாம் போச்சு. போர்டில் களிம்பு இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, வெள்ளை வினிகரைப் பழைய பல் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். டிரான்ஸ்மிட்டரின் கறுப்பு ஒயரையும் ஓரிடத்தில் சீவிப் பாருங்கள்.

இன்னொருவர் பதில்:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கிரிஸ்டல்களைக் கழற்றினால் இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ரிப்பன் மஞ்சள் என்றால் டிரான்ஸ்மிட்டரில் 27.145 மெகாஹெர்ட்ஸ். ரிசீவர் கிரிஸ்டல் பெரும்பாலும் அதைவிட 455 கிலோஹெர்ட்ஸ் குறைவாக, 26.690 ஆக இருக்கும். பழைய சார்ஜர் 50 மில்லி ஆம்பியர்தான் தரும். அது 500 மில்லி ஆம்பியர்-மணி பேக்குக்கானது. 2000 பேக்கை அதில் போட்டால் இரண்டு நாள் ஆனாலும் நிறையாது.

கேள்வி கேட்டவர்:
மாற்றிவிட்டேன், மூன்று சர்வோ அருமையாக ஓடுகின்றன! எலிவேட்டர் (வால் மடிப்பு) சர்வோ மட்டும் நடுவில் நிற்கும்போது நடுங்குகிறது.

பதில்:
உள்ளே இருக்கும் பாட் (சர்வோவின் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) அழுக்காகியிருக்கும். டிரான்ஸ்மிட்டர் குச்சி பெரும்பாலும் நடுவிலேயே நிற்பதால் அந்த இடம்தான் முதலில் தேயும். காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு, இருபது தடவை கோடிக்குக் கோடி ஓட்டுங்கள். நடுக்கம் நிற்காவிட்டால் அந்த சர்வோவைப் பறக்க எடுக்காதீர்கள். அப்புறம், டிரான்ஸ்மிட்டர் ஏரியலை மடக்கி வைத்துக்கொண்டு 30 மீட்டர் தள்ளிப் போய் நாலு சானலையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நடுக்கம் நின்றுவிட்டது. இன்று மாலை மொட்டைமாடியில் விமானத்தை வைத்துவிட்டுத் தெருமுனை வரை நடந்தேன், குச்சியை அசைத்த அதே நொடியில் வால் மடிப்பு ஏறி இறங்கியதாக மேலிருந்து மாமா குரல் கொடுத்தார். இரண்டு பேருக்கும் நன்றி அண்ணா.