ராத்திரி ஒன்பது மணிக்கு ‘இன்று எவ்வளவு மகிழ்ச்சி?’ என்று கேட்கும் ஆப்: உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கிறதா?

கேள்வி: வடுவூர்க்காரி (இப்போது கோவை)

வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவையில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வயது 44. போன வருஷம் ஜனவரியில் ஊழியர் நலத்திட்டம் என்று சொல்லி எல்லோர் போனிலும் ஒரு ஆப் போடச் சொன்னார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு டிங் என்று சத்தம் வரும். ‘இன்று எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தீர்கள்?’ ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணைத் தொட வேண்டும், அவ்வளவுதான். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டுவிடுவேன். கணக்குப் பார்க்கிறவள், ஒரு நாள் விட்டால்கூட உறுத்தும்.

முதல் இரண்டு மாசம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதே, இன்றைக்கு எத்தனை போடுவது என்று மனசு கூட்டிக் கழிக்க ஆரம்பித்துவிடும். மொட்டை மாடியில் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், சுகமாக இருக்கும், உடனே ‘இது ஏழா, எட்டா?’ கேட்ட மாத்திரத்தில் அந்தச் சுகம் போய்விடும். ஆறு போட்ட ராத்திரிகளில் ஏதோ தப்புப் பண்ணிவிட்ட மாதிரி இருக்கும். வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, வீட்டுக்காரர் தங்கமான மனுஷர், பிள்ளை நன்றாகப் படிக்கிறாள். பின்னே ஏன் எட்டு வரவில்லை என்று படுத்துக்கொண்டு யோசிப்பேன்.

நவம்பர் 17 அன்று அப்பாவைத் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சுத்திணறல். ரைஸ்மில்லில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், நாற்பது வருஷம் உமித்தூசி குடித்த நெஞ்சு. பகலில் தம்பி, ராத்திரியில் நான். பத்தொன்பது ராத்திரி.

அதில் ஒரு நாள் அவருக்குக் கால் நகம் வெட்டிவிட்டேன். பெருவிரல் நகம் புளியங்கொட்டை மாதிரி தடித்துக் கிடந்தது, நகவெட்டி வாய்க்குள் நுழையவில்லை. வெந்நீரில் துணியை நனைத்து அரை மணி நேரம் சுற்றிவைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, “வலிக்கலைம்மா, நீ வெட்டு” என்றார். அப்புறம் 1977 புயலில் மில் கூரை பறந்ததையும், நனைந்த நெல்லை அள்ளிக்கொண்டுபோய்க் கோயில் மண்டபத்தில் பரப்பி உலர்த்தியதையும் சொன்னார். நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். நான் கேட்டேயிராத கதை.

அன்றைக்கும் ஒன்பது மணிக்கு டிங் அடித்தது. மூன்று போட்டேன். இரண்டு நாள் கழித்து, ‘இந்த வாரம் உங்கள் மகிழ்ச்சி குறைந்திருக்கிறது, ஐந்து நிமிடம் மூச்சுப்பயிற்சி செய்யலாமா?’ என்று அதே போனில் வந்தது. பக்கத்தில் அப்பா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். போனைத் திருப்பிப் போட்டேன், ஆனாலும் அன்று ராத்திரியும் எண் போட்டேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் ஆறவில்லை.

டிசம்பர் 6 அப்பா போய்விட்டார்.

போன வாரம் அந்த ஆப்பில் 2024 முழுசையும் மேலிருந்து கீழ் பார்த்தேன். மார்ச் 16-க்கு ஒன்பது போட்டிருக்கிறேன். அன்று என்ன நடந்தது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. நவம்பர் 21-க்கு மூன்று. அந்த ராத்திரி மட்டும் வெந்நீர்த் துணியின் சூட்டோடு அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு நாளைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த மூன்றைத்தான் கேட்பேன்.

இப்போது எழுத வந்ததற்குக் காரணம் என் மகள். ஒன்பதாவது படிக்கிறாள். என்னைப் பார்த்துப் பழகியதோ என்னவோ, ஸ்கூல் விட்டு வந்து ஷூவைக் கழற்றும்போதே “அம்மா, இன்னிக்கு ஆறுதான்” என்கிறாள். போன திங்கட்கிழமை, “ரெண்டு வாரமா ஏழைத் தாண்டலை. எனக்கு ஏதாவது பிரச்சினையாம்மா?” என்று கேட்டாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், சிநேகிதிகளோடு ஊர் அதிரச் சிரிக்கிறாள். ஆனால் சிரித்து முடித்ததும் மார்க் போடுகிறாள்.

சந்தோஷமாக இருப்பது எப்போதிலிருந்து ஒரு கடமையானது? இதைப் பிள்ளையிடமிருந்து எப்படி எடுப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: கரும்பலகை (சென்னை)

அப்பாவை இழந்ததற்கு வருந்துகிறேன், சகோதரி. கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன், அதனால் ஒன்று சொல்ல முடியும்: மொட்டை மாடியில் உங்களுக்கு நடந்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஐரிஸ் மாஸ் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2011-ல் வெளியிட்டது. மகிழ்ச்சி எவ்வளவு முக்கியம் என்று எழுதிய ஒரு கட்டுரையை ஒரு பிரிவினருக்கு வாசிக்கக் கொடுத்துவிட்டு, பிறகு மனதுக்கு இதமான ஒரு படத்துண்டைப் போட்டுக் காட்டினார்கள். அதை வாசித்தவர்களுக்கு, வாசிக்காதவர்களைவிட மகிழ்ச்சி குறைவாகவே வந்தது. சோகமான படத்துக்கு அந்த வித்தியாசம் இல்லை. சந்தோஷப்பட எல்லாம் தோதாக இருக்கிற நேரத்தில்தான் ‘இன்னும் அதிகமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்’ என்ற ஏமாற்றம் உள்ளே வருகிறது. நல்ல வீடு, நல்ல வீட்டுக்காரர், பின்னே ஏன் எட்டு வரவில்லை என்று நீங்கள் படுத்துக்கொண்டு யோசித்தது அதேதான்.

‘எப்போதிலிருந்து’ என்று கேட்டிருந்தீர்கள். 1776-ல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் மகிழ்ச்சியைத் தேடுவதை மனிதனின் உரிமை என்று எழுதியது. தேடும் உரிமை, அவ்வளவுதான். இருநூற்று நாற்பது ஆண்டு கழித்து, 2016-ல், ஐக்கிய அரபு அமீரகம் மகிழ்ச்சிக்கு ஒரு அமைச்சரை நியமித்தது. அதே ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் ஆனந்தத்துக்கென்று ஒரு அரசுத் துறையே வந்தது. இலாகாவும் இலக்கமும் வந்துவிட்டால், எட்டாதவன் குற்றவாளி மாதிரி ஆகிவிடுகிறான். இத்தனைக்கும் இதற்கெல்லாம் முன்னோடியான பூட்டான் ஒரே எண்ணைக் கேட்பதில்லை. அவர்கள் கணக்கெடுப்பில் ஒன்பது துறைகள். மனநிலை அதில் ஒன்று. பொழுது எப்படிப் போகிறது, அக்கம்பக்கத்தோடு உறவு எப்படி, சுற்றுச்சூழல் எப்படி என்பதெல்லாம் அதே வரிசையில் வருகின்றன.

மகள் ஆறு என்று சொல்லும்போது எட்டாக்கப் பார்க்காதீர்கள். 14 வயதில் ஆறு நல்ல எண்.

பதில் 2: இரண்டாம் ஷிஃப்ட் (ஓசூர்)

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் எதிர்ப்பக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

2021-ல் எனக்கு டிப்ரஷன். அப்போது அதற்குப் பெயர் தெரியாது, சோம்பேறி ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என எண் எழுதச் சொன்னார். பதினோரு நாள் தொடர்ந்து ஒன்றும் இரண்டுமாக இருந்ததைப் பார்த்துத்தான் மாத்திரையை மாற்றினார். என் வாய் ‘பரவாயில்ல டாக்டர்’ என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த நோட்டுதான் உண்மையைச் சொன்னது. அது இல்லையென்றால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருப்பேனா என்பது சந்தேகம்.

ஒரு வித்தியாசம் உண்டு. என் நோட்டைப் பார்த்தவர் ஒருவர்தான், அவருக்கு என்னைத் தெரியும். உங்கள் மூன்றைப் பார்த்த ஆப்புக்கு உங்களையும் தெரியாது, உங்கள் அப்பாவையும் தெரியாது.

பாப்பா விஷயத்தில் எண்ணைத் தூக்கிப் போடுங்கள், கண்ணை எடுத்துவிடாதீர்கள். தூக்கம், சாப்பாடு, சிநேகிதிகள், இந்த மூன்றில் ஏதாவது மாறினால் சும்மா இருக்க வேண்டாம். 14416 என்று மத்திய அரசின் மனநல உதவி எண் இருக்கிறது, இலவசம், தமிழிலும் பேசலாம்.

பதில் 3: பனிக்காலத் தமிழன் (எஸ்போ, பின்லாந்து)

2018 முதல் 2025 வரை எட்டு வருஷமும் உலக மகிழ்ச்சி அறிக்கையில் முதலிடம் வந்த நாட்டிலிருந்து எழுதுகிறேன். அறிக்கை வெளியாகும் மார்ச் 20 வாக்கில் ஊரிலிருந்து மெசேஜ் குவியும். ‘நீ கொடுத்து வச்சவன்டா.’ மார்ச்சில் இங்கே இன்னும் பனி. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் மண்வாரியால் பனியை அள்ளிக்கொண்டிருப்பார். தலையை ஆட்டுவார், சிரிக்கக்கூட மாட்டார்.

அந்த அறிக்கைக்காகக் கேட்கிற கேள்வியில் மகிழ்ச்சி என்ற சொல்லே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள், அடியில் பூஜ்யம், உச்சியில் பத்து. உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை உச்சி, மிக மோசமானது அடி. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? இதுதான் கேள்வி. அன்றைய மனநிலையை அது கேட்பதில்லை. 2025 அறிக்கையில் 147 நாடுகளில் இந்தியா 118-வது. அதை வைத்து நம் ஆட்கள் முகம் வாடித் திரிகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது.

இங்கே பத்து வருஷம் இருந்து பார்த்ததில், இவர்கள் உயர்ந்த படியைச் சொல்வதற்குக் காரணம் பெரிய ஆனந்தம் ஒன்றும் இல்லை. வீட்டில் அடுத்த மாசத்தைப் பற்றிய பயம் குறைவு. பிள்ளைகள் ஏழு வயசில் தனியாகப் பள்ளிக்கு நடந்து போகிறார்கள். பள்ளியில் மதியச் சாப்பாடு 1948-லிருந்தே இலவசம். (இதை இங்கே ஒருவர் பெருமையாகச் சொன்னபோது, எங்கள் ஊரில் காமராசர் 1956-லேயே போட்டார் என்று சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தேன்.) 2013-ல் ஒரு பத்திரிகை உலக நகரங்களில் பணத்தோடு பர்ஸைத் தொலைத்துப் பார்த்தது. ஒரு நகரத்துக்குப் பன்னிரண்டு பர்ஸ். ஹெல்சின்கியில் பதினொன்று திரும்பி வந்தது. அடுத்த இடம் நம்ம மும்பைக்கு, ஒன்பது.

மனசுக்கு மார்க் போடுகிற பிள்ளையை இங்கே நான் பார்த்ததில்லை. ‘எப்படி இருக்கே?’ என்று கேட்டால், உண்மையாகவே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், அதனால் சும்மா கேட்பதும் இல்லை.

பதில் 4: ஓய்வுபெற்ற டீச்சர் (திருநெல்வேலி)

தாயி, எனக்கு 71 வயசு. போனில் எழுதுவது மெதுவாகத்தான் வரும்.

எங்க ஆச்சி காலில் விழுந்தா, ‘நல்லா இரு’ன்னுதான் சொல்லுவா. கல்யாணம் ஆனவளுக்கு ‘மகராசியா இரு’. கடுதாசின்னா ‘நலம், நலமறிய ஆவல்’. யாரும் யாரையும் ‘மகிழ்ச்சியா இரு’ன்னு வாழ்த்தி நான் கேட்டதில்லை. சந்தோஷம் வரும் போகும்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. கல்யாண வீட்டுக்கு வரும், எழவு வீட்டுக்கு வராது. துக்க வீட்டுல உட்கார்ந்திருக்கிறவளை ‘நல்லா இருக்கியா’ன்னுகூடக் கேக்கக் கூடாதும்பா. பக்கத்துல போய் உட்காரணும், காப்பித்தண்ணி குடுக்கணும். ஒனக்கு அந்த நேரம் ஒருத்தரும் பக்கத்துல உட்காராம, போன் மட்டும் கேட்டிருக்கு. அதுதான் எனக்குப் பொறுக்கலை.

ஒண்ணு கேக்கேன். அப்பா கணக்குப்பிள்ளைன்னு எழுதியிருக்கியே. கணக்கு எழுதின கை சும்மா இருக்காது, வீட்டுக்கும் ஒரு நோட்டுப் போட்டிருப்பார். இருக்கான்னு பாரு.

வடுவூர்க்காரி (பதினோரு நாள் கழித்து)

டீச்சரம்மா, இருந்தது. தம்பியிடம் சொன்னேன், பரண்மேல் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறான். எல்.ஐ.சி. டைரிகள், முப்பதுக்கு மேல். பத்து டைரியை பஸ்ஸில் போட்டு அனுப்பிவிட்டான். நானும் மகளும் தரையில் பரப்பி உட்கார்ந்துவிட்டோம்.

ஒரு நாளைக்கு இரண்டு வரி, மூன்று வரி. ‘பால் கணக்குத் தீர்த்தது ரூ. 640.’ ‘கொல்லைப் பூசணி 3 காய்.’ 24-5-22 பக்கத்தில், ‘மேட்டூர் திறந்தார்கள். மே மாதத்தில் திறந்து பார்த்ததில்லை.’ அதே வருஷம் இன்னொரு பக்கத்தில், ‘பெரியவள் போன். குரல் சரியில்லை. கேட்கவில்லை.’ எனக்கு அந்த நாள் தெரியும், ஆபீஸில் ஒரு தகராறு, அப்பாவிடம் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் படித்தவரை, தான் எப்படி இருந்தார் என்று அவர் ஒரு இடத்தில்கூட எழுதவில்லை.

மகள் தன் பிறந்தநாளைத் தேடி எடுத்தாள். ‘19-6-2011. பேத்தி. 2 கிலோ 900. கடைசி பஸ் போய்விட்டது. வடுவூர் வரை நெல் லாரி, அப்புறம் நடை.’ “தாத்தா ஹேப்பியா இருந்தாரான்னு எழுதவே இல்லையேம்மா” என்றாள். அந்த 2 கிலோ 900-க்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார், சிவப்பு மையில். மில் கணக்கில் கூட்டுத்தொகைக்கு மட்டும்தான் அவர் சிவப்பு எடுப்பார் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அதையே விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

ஓசூர்த் தம்பி, நீங்கள் சொன்னதை மனசில் வைத்திருக்கிறேன், அந்த 14416-ஐயும் போனில் பதிந்துகொண்டேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். ஆபீஸில் அந்த ஆப் பற்றி விசாரித்தேன், விருப்பமிருந்தால்தான் என்றார்கள், பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. நேற்றுகூட ஷூவைக் கழற்றும்போது “ஆறு” என்றாள். நான் மதியம் டப்பாவில் என்ன மிச்சம் என்று கேட்டேன். எலுமிச்சை சாதத்தை ஒரு சிநேகிதி பறித்துக்கொண்டது, கெமிஸ்ட்ரி மிஸ் தும்மியதில் சாக்பீஸ் பறந்தது என்று அரை மணி நேரம் பேசினாள்.

அப்பாவின் 2024 டைரி நவம்பர் 16-ஓடு நிற்கிறது. ‘இருமல் அதிகம். ராத்திரி தூக்கம் இல்லை.’ அதற்கப்புறம் வெள்ளைப் பக்கங்கள். நேற்று ராத்திரி 21-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பி அவர் பேனாவாலேயே எழுதினேன். ‘அப்பாவுக்கு நகம் வெட்டினேன். வலது கால் முடிந்தது, இடது கால் நாளை. புயல் கதை சொன்னார்.’