வீட்டில் எல்லாரும் சேர்ந்து பாட்டு கேட்பது எப்படி?

செந்தூல் பிளாட் (கேள்வி)

வணக்கம். நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன், வேலை கே.எல். சென்ட்ரல் பக்கம். கொமுட்டர் ரயிலில் போகும்போதும் வரும்போதும் காதில் பாட்டுதான், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் அந்த நேரத்தில் மனசு லேசாகிவிடும். ஆனால் வீட்டுக்குள் கால் வைத்ததும் எல்லாம் கலைந்துவிடுகிறது. அம்மா சமையல்கட்டில் மின்னல் எஃப்எம் வைத்திருப்பார், அப்பா ஹாலில் டிவி செய்தி, தம்பி ரூமில் கேம். ஆளுக்கு ஒரு சத்தம்.

பாட்டி தவறியதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் சரியில்லை. ராத்திரி எழுந்து வந்து இருட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார், கேட்டால் ஒன்றுமில்லை, நீ போய்ப் படு என்கிறார். எனக்கு ரயிலில் கிடைக்கிற அமைதியில் கொஞ்சமாவது அவருக்கும் கிடைக்கவேண்டும். இயர்போனை அவர் காதில் மாட்டிவிட்டால் இரண்டு நிமிடத்தில் கழற்றிவிடுகிறார். உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள்?

பினாங்கு நர்ஸ்

தங்கச்சி, அம்மாவுக்கு உங்கள் பாட்டைக் கொடுக்காதீர்கள், அவருடைய பாட்டைக் கண்டுபிடியுங்கள். நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். மனிதருக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வரை கேட்டதுதான் ஆழமாகத் தங்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன, அதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். எங்களிடம் ஒரு பாட்டி இருக்கிறார், ஞாபக மறதி முற்றிவிட்டது, மகள் வந்து நின்றால் யார் என்று தெரியாது. சாயங்காலம் விளக்கேற்றும்போது தேவாரத்தில் முதல் அடியை மட்டும் நான் எடுத்துக் கொடுப்பேன். போர்வை நுனியை விரலால் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே பதிகம் முழுவதையும் பாடி முடிப்பார், ஒரு சொல் பிசகாது. மகளும் பக்கத்தில் உட்கார்ந்து கூடப் பாடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத அம்மாவோடு அவருக்கு மிஞ்சியிருக்கும் பேச்சு அதுதான்.

அதனால் முதலில் அம்மாவிடம் கேளுங்கள், சின்ன வயதில் எங்கே வளர்ந்தார், வீட்டில் யார் பாடுவார்கள், ரேடியோ யார் வீட்டில் இருந்தது என்று. அந்தப் பேச்சே பாதி மருந்து. அப்புறம் ஒன்று, ராத்திரிக்கு வைக்கிற பாட்டை முன்கூட்டியே டவுன்லோட் செய்துவிடுங்கள். கண் செருகும் நேரத்தில் விளம்பரம் கத்தினால் வந்த தூக்கமும் போய்விடும். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் கிளினிக்கில் ஒரு தடவை காட்டுவதும் நல்லது.

பாயான் லெப்பாஸ் ஷிப்ட்

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன். பேக்டரியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், மெஷின் இரைச்சல் காதிலேயே நிற்கும், அதோடு மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலம் முழுக்கக் கடந்து அந்தப் பக்கம் பிறை ஊருக்கு வந்து சேரவேண்டும். வீட்டுக்கு வந்ததும் யாராவது பாட்டை வைத்தால், எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் எனக்கு அது இன்னொரு சத்தம்தான். இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டி குழு 2006இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. பல வகை இசையைக் கேட்கவைத்து நடுவில் இரண்டு நிமிடம் நிறுத்தினார்கள், இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் நன்றாக இறங்கியது அந்த இடைவெளியில்தான். படித்தபோது என் உடம்பைப் பற்றியே எழுதியதுபோல இருந்தது.

எங்கள் வீட்டில் இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு டிவியை அணைத்துவிட்டு ஒரே ஒரு பாட்டு, ஒரு நாள் மனைவி தேர்வு, ஒரு நாள் மகன் தேர்வு. முடிந்ததும் அடுத்ததுக்குத் தாவாமல் அப்படியே கொஞ்சம் உட்கார்ந்திருப்போம். மகன் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல ஆரம்பிப்பது அந்த நேரத்தில்தான். உங்கள் தம்பியையும் ஒரு நாள் பாட்டுத் தேர்வு செய்யச் சொல்லுங்கள், ஹாலுக்கு வந்துவிடுவார்.

பிரிக்பீல்ட்ஸ் பாட்டு டீச்சர்

கேட்பதைப் பற்றியே எல்லாரும் சொல்கிறீர்கள், பாடுவதைப் பற்றி நான் சொல்கிறேன். அதே பெர்னார்டி குழு 2001இலேயே ஜெபமாலையையும் மந்திரத்தையும் வைத்துச் சோதித்தது. இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாக இறங்கியது, அந்த வேகத்தில் இதயமும் மூச்சும் ஒரே சீராக ஓடுகின்றன. மூச்சை நீட்டிப் பாடினாலே இது தானாக நடக்கும், குரல் வளம் வேண்டியதில்லை. போனில் தம்புரா ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. அதை மெதுவாக ஓடவிட்டு, மூச்சு இருக்கும் வரை ஸட்ஜத்தை, அதாவது ஸ என்ற முதல் சுரத்தை, பிடித்து நில்லுங்கள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து உம் என்று முனகினாலே போதும். பிளாட் சுவர் மெல்லிசுதான், ஆனாலும் இந்த அளவு சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகாது. தூங்கப்போகும் நேரத்துக்கு நீலாம்பரி, நம் ஆட்கள் காலங்காலமாகத் தாலாட்டுக்கு எடுக்கிற ராகம்.

முறையாகக் கற்க ஆசை வந்தால் இங்கே பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது, 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கியது. வயதானவர்கள் புதிதாகச் சேர்ந்து பாடுவது எனக்குப் பெரிய சந்தோஷம், வெட்கப்படவே தேவையில்லை.

செந்தூல் பிளாட்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நர்ஸ் அக்கா சொன்ன மாதிரி அம்மாவிடம் கேட்டேன். அம்மா வளர்ந்த எஸ்டேட்டில் புரட்டாசி சனிக்கிழமை பஜனையில் பாட்டிதான் முன்னால் நின்று பாடுவாராம், அம்மா பக்கத்தில் ஜால்ரா போடுவாராம். இத்தனை வருஷத்தில் எனக்கு இது தெரியாது. ஒரு வரி பாடியும் காட்டினார், பாதியில் அழுதார், அப்புறம் முழுவதையும் பாடிவிட்டுத்தான் எழுந்தார். டீச்சர், தம்புராவை எந்த சுருதியில் வைக்கட்டும்?

பிரிக்பீல்ட்ஸ் பாட்டு டீச்சர்

பெண்களுக்குப் பொதுவாக ஐந்து கட்டை சுருதி, ஆப்பில் ஜி என்று இருக்கும். பழக்கம் விட்டுப்போன குரல் என்பதால் அம்மாவுக்கு மேல் ஸட்ஜம் எட்டாமல் தொண்டை இறுகினால் நாலு கட்டைக்கு இறக்குங்கள், அதாவது எஃப். அப்பாவும் சேர்ந்தால் அவருக்கு ஒன்று அல்லது ஒன்றரைதான் சரிவரும். ஆனால் பஜனைக்கு யார் சுருதியும் பார்க்கவேண்டாம், அம்மா எங்கே எடுக்கிறாரோ அங்கேயே நீங்கள் சேர்ந்துகொள்ளுங்கள்.