‘சட்டக் கருத்துரையின்படி’ என்றால், அந்தக் கருத்துரை எங்கே?

அரூர் பக்கத்திலிருந்து:

எங்கள் பேரூராட்சியில் வாரச்சந்தையை ஒட்டிய கடைகளின் குத்தகையை, ஏலம் விடாமலே நீட்டித்துத் தீர்மானம் போட்டார்கள். காரணம் ஒரே வரி: ‘வழக்கறிஞரின் சட்டக் கருத்துரையின்படி’. அதன் நகல் வேண்டும் என்று 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். 30 நாள் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது பதில் வந்தது. வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான விஷயமாம். 8ஆம் பிரிவின்படி தர இயலாதாம். கையெழுத்தைவிட முத்திரைதான் பெரிதாக இருந்தது.

வக்கீல் விவகாரம் நமக்கெதற்கு என்று மடித்து வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்துத்தான் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். ‘தகவல்’ என்றால் என்ன என்று சொல்லும் 2ஆம் பிரிவிலேயே கருத்துரை, அறிவுரை இரண்டும் இருக்கின்றன! 8ஆம் பிரிவில் இதற்குப் பக்கத்தில் வரும் விலக்கு, நம்பிக்கையின் பேரில் ஒருவரிடம் ஒப்படைத்த தகவலுக்கு. அதையும் பொதுநலன் பெரிது என்றால் தரலாம். இரகசியம் காக்க வேண்டியவர் வக்கீல். கட்சிக்காரரான பேரூராட்சி தன் தீர்மானத்தில் அதைத் தானே எடுத்துக் காட்டிவிட்டு, பிறகு எதை மறைக்கிறது? வக்கீல் கட்டணம் போனதும் எங்கள் சொத்து வரியில்தான்.

இதையே மேலதிகாரியிடம் போட்ட முதல் மேல்முறையீட்டில் எழுதினேன். விசாரணை கால் மணி நேரம்கூட நடக்கவில்லை. இரண்டு பக்க நகலுக்கு 4 ரூபாய் கட்டச் சொன்னார்கள். நடுவில் ஒரு பத்தியின் மேல் வெள்ளைத்தாள் வைத்து நகலெடுத்திருந்தார்கள். மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைக் கொடுக்க 10ஆம் பிரிவு வழி செய்கிறது, அதில் எனக்குக் குறையில்லை. மிஞ்சியதில் வக்கீல் எழுதியிருந்தது இது: குத்தகையை நீட்டிக்கலாம், ஆனால் வாடகையை இன்றைய மதிப்புக்கு உயர்த்திய பிறகு. தீர்மானத்தில் முதல் பாதிதான் ஏறியிருந்தது.

ஓசூரிலிருந்து:

எனக்கு வாய்த்தது வேறு. எங்கள் தெருவின் பொது இடம் குறித்து உள்ளாட்சியோடு வழக்கு நடக்கிறது, நாங்கள்தான் வாதி. அதே வழக்குக்காக அவர்களுடைய வக்கீல் தந்த கருத்துரையைக் கேட்டேன், மறுத்தார்கள். கோபம் வரவில்லை. எங்கள் வக்கீல் எழுதித் தந்ததை அவர்கள் கேட்டால் நான் கொடுப்பேனா? ஆனால் ‘வழக்கு நிலுவையில் உள்ளது’ என்று அவர்கள் சொன்ன காரணம்தான் சரியில்லை. இந்த வகையில், நீதிமன்றம் வெளிப்படையாகத் தடை விதித்த தகவலையும், வெளியிட்டால் நீதிமன்ற அவமதிப்பாகக்கூடிய தகவலையும்தான் சட்டம் விலக்குகிறது. நிலுவை என்ற ஒன்று மட்டும் போதாது. அடுத்த மனுவில் அந்த வக்கீலுக்குக் கொடுத்த கட்டணத்தின் செலவுச் சீட்டுகளைக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் வந்தன. தொகையைப் பார்த்துத் தெருவே வாயடைத்துப் போனது.

பென்னாகரத்திலிருந்து:

அரூர் அண்ணா, மனுவில் எப்படி எழுதினீர்கள்? நான் ‘குத்தகையை ஏன் நீட்டித்தீர்கள்’ என்று கேட்டு, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற ஒரு வரிப் பதிலோடு திரும்பினேன்.

அரூர் பக்கத்திலிருந்து:

‘ஏன்’ என்றே எழுதாதீர்கள் தம்பி. தீர்மான எண், தேதி போட்டு, ‘அதில் குறிப்பிடப்பட்ட சட்டக் கருத்துரையின் சான்றிட்ட நகல், அதைக் கேட்டுப் பேரூராட்சி வழக்கறிஞருக்கு எழுதிய கடிதத்தின் நகல்’ என்று எழுதினேன். அந்தக் கடிதத்தை மறந்துவிட வேண்டாம். வக்கீலிடம் என்ன கேட்டார்கள் என்பது அதில்தான் இருக்கும்.