கொடையில் பாடிய வில்லுப்பாட்டுக் கேசட்டின் சுருதியை ஆபியோபிட்ச் கொண்டு கண்டறிவது எப்படி?

சேரன்மாதேவிக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா வில்லுப்பாட்டுப் புலவராக இருந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடையில் (திருவிழாவில்) அவர் பாடியதைப் பதிந்த கேசட் ஒன்று வீட்டில் இருந்தது. அதை வேவ் கோப்பாக மாற்றிவிட்டேன். அந்தப் பாட்டைப் படிக்க விரும்பும் என் தங்கை மகள், "பெரிய தாத்தா எத்தனை கட்டையில் பாடினார்?" என்று கேட்கிறாள். எனக்குக் காது போதாது என்பதால் உபுண்டு கணினியில் ஒலியை அலசும் ஆபியோ கருவிகளை நிறுவி, சுருதியைக் கண்டறியும் ஆபியோபிட்ச் கட்டளையை அந்தக் கோப்பின் மீது ஓட்டினேன். மூன்று நிமிடத் துண்டுக்கே முப்பதாயிரம் வரிகளுக்கு மேல் கொட்டியது. ஒரு வரியில் 151 ஹெர்ட்ஸ், அடுத்ததில் 75.6, அதற்கடுத்ததில் 1130, பிறகு பூஜ்ஜியம். இதிலிருந்து கட்டையை எப்படிப் பிடிப்பது?

உடுக்கடி:
அண்ணாச்சி, வரிகள் அத்தனை வருவது இயல்பே. அந்தக் கருவி 256 மாதிரிகளுக்கு (ஒலியை அளந்த புள்ளிகளுக்கு) ஒருமுறை, அதாவது விநாடிக்கு 44,100 மாதிரி வேகத்தில் ஏறத்தாழ 5.8 மில்லி விநாடிக்கு ஒருமுறை, ஒரு மதிப்பைச் சொல்கிறது. ஒரு நேரத்தில் ஒரே குரல்தான் ஒலிக்கிறது என்று நம்பிக்கொண்டு அது கணக்கிடுவதுதான் உங்களுக்கு வந்த சிக்கல். வில்லுப்பாட்டிலோ ஆர்மோனியம், குடம், ஜால்ரா, பின்பாட்டு எல்லாம் சேர்ந்தே ஒலிக்கின்றன. வில்லில் கட்டிய மணிகளின் மேலதிர்வுகள் ஒழுங்கான மடங்குகளில் அமைவதில்லை; 1130 அங்கிருந்து வந்திருக்கலாம். உடுக்கையோ, இடுப்புக் கயிற்றை அழுத்த அழுத்தத் தன் சுருதியையே வளைக்கும் வாத்தியம். ஆகவே முழுப் பாட்டையும் கொடுக்காமல், அடிக்கும் வாத்தியங்கள் ஓய்ந்து புலவர் ஒரு சொல்லை இழுத்து நிறுத்தும் இடங்களை மட்டும் வெட்டிக் கொடுங்கள். காப்புப் பாடும் பகுதியில் அத்தகைய இடங்கள் கிடைக்கும். அமைதி என்று கருதும் எல்லை இயல்பில் கழித்தல் 90 டெசிபெல். கேசட்டின் இரைச்சலே அதைவிட மிக உரக்க இருக்கும் என்பதால், அதைக் கழித்தல் 40 அளவுக்கு உயர்த்துங்கள். 500 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வடிகட்டிவிட்டு ஓட்டினால் இன்னும் தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

பொருநைக்கரை:
உடுக்கடி சொன்னவற்றில் வடிகட்டுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். கொடையில் பதிந்த கேசட் என்றால், மைக் செட்டுக்காரர் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரின் ஒலியைத்தான் டேப் ரிக்கார்டர் வாங்கியிருக்கும். அந்தக் குழாய் தாழ்ந்த ஒலிகளைச் சரியாக வெளியிடாது. 150 ஹெர்ட்ஸில் உள்ள அடிப்படை அதிர்வு பெரும்பாலும் அதிலேயே மெலிந்துவிடும். நம் காது 300, 450, 600 என்னும் மடங்குகளைக் கேட்டுத்தான் அது 150 என்று உணர்கிறது. 2002இல் வெளியான யின் முறையும், ஆபியோபிட்ச் இயல்பாகப் பயன்படுத்தும் யின்எஃப்எஃப்டி முறையும் அலை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை தன்னைப் போலவே திரும்புகிறது என்று தேடுபவை. அடிப்படை இல்லாவிட்டாலும் மடங்குகள் இருந்தால் அவை சமாளித்துக்கொள்ளும். நீங்கள் மடங்குகளையும் வெட்டிவிட்டால் அவற்றுக்குப் பிடிக்க என்ன இருக்கிறது?

75.6 வந்ததற்கும் காரணம் இதுவே. 151 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்றில் திரும்புவதைப் போலவே இரண்டு சுற்றிலும் திரும்பும். கருவி இரண்டாவதைப் பிடித்துக்கொண்டால் விடை ஒரு ஸ்தாயி கீழே விழும். கருவி ஒரு தடவைக்கு எடுத்து அலசும் துண்டாகிய சாளரத்தை 2048 மாதிரிகளிலிருந்து 4096 ஆக்கிப் பாருங்கள். கமகங்கள் மங்கும், ஆனால் நிறுத்திப் பாடும் இடங்களுக்கு அது தடையில்லை.

சுருதி எந்த ஒரு வரியிலும் இராது, அண்ணாச்சி. 60க்குக் கீழும் 600க்கு மேலும் உள்ளவற்றைத் தள்ளிவிட்டு, மீதியைச் சென்ட் கணக்குக்கு (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட், அரைக் கட்டைக்கு 100) மாற்றி, 1200ஆல் வகுத்த மீதியை எடுத்து எல்லாவற்றையும் ஒரே ஸ்தாயிக்குள் மடக்கி, பத்துப் பத்துச் சென்ட்டாக எண்ணிப் பாருங்கள். வரிகளை அலசும் ஆக் (awk) கட்டளையில் நாலு வரி வேலைதான். ஸட்ஜமும் பஞ்சமமும் மேடுகளாக எழும்பும். இரண்டில் எது ஸட்ஜமம் என்பதைக் கருவி சொல்லாது. பஞ்சமத்திலிருந்து மேல் ஸட்ஜமத்துக்கு உள்ள தூரமும் ஸட்ஜமத்திலிருந்து மத்யமத்துக்கு உள்ள தூரமும் ஒன்றே என்பதால், புலவர் அடியை எங்கே கொண்டுவந்து இறக்குகிறார் என்பதைக் காதால்தான் கேட்க வேண்டும்.

சேரன்மாதேவிக்காரன்:
வடிகட்டாமல் ஓட்டி, எண்ணிப் பார்த்தேன். 151 ஹெர்ட்ஸுக்கும் 226 ஹெர்ட்ஸுக்கும் உரிய இரண்டு மேடுகள் தெளிவாக எழுந்தன. அடிகள் 151இல்தான் முடிகின்றன. ஆனால் 2 கட்டை என்றால் 146.8, இரண்டரை என்றால் 155.6, இது சரியாக நடுவில் நிற்கிறது. கேசட்டில் ஆர்மோனியமும் கேட்கிறது, அது இரண்டுக்கும் இடையில் எப்படி நிற்கும்?

பொருநைக்கரை:
ஆர்மோனியம் நிற்காது, உங்கள் டேப் ஓடிய வேகம் தவறியிருக்கும். கேசட் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். மூன்று விழுக்காடு கூடினாலே அரைக் கட்டையில் பாதி, அதாவது 50 சென்ட் அளவுக்கு ஏறிவிடும். பாட்டு முடிந்து ஆளரவமில்லாத இடத்தில் ஆம்ப்ளிஃபயரின் 'ம்ம்' என்ற இரைச்சல் இருக்கிறதா என்று ஒலித்தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டியில் அலைவரிசைப் படம் எடுத்துப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த இரைச்சல் 50இன் மடங்குகளில் இருக்க வேண்டும், விலகியிருந்தால் அந்த அளவுக்கு டேப்பின் வேகம் தவறியிருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் பார்ப்பதைவிட அதன் நான்காம் மடங்கான 200க்கு அருகே பார்ப்பது நல்லது, விலகல் அங்கே நான்கு மடங்காகத் தெரியும். சாளரம் 65,536 ஆக இருக்கட்டும்.

சேரன்மாதேவிக்காரன்:
பார்த்தேன். 200 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய கோடும், 205.6இல் இன்னொரு தடித்த கோடும் தனித்தனியே நிற்கின்றன.

பொருநைக்கரை:
மெல்லியது இப்போது கேசட்டை ஓட்டியபோது உங்கள் வீட்டு மின்சாரத்திலிருந்து சேர்ந்தது. தடித்தது அன்றைக்கே நாடாவில் ஏறியது. 205.6ஐ 200ஆல் வகுத்தால் 1.028, 151ஐ அதனால் வகுத்தால் 146.9. அன்றைய மின்சாரம் 50இல் நிற்காமல் 49க்கு இறங்கியிருந்தால்கூட 35 சென்ட்தான் கீழே போகும், அப்போதும் அருகிலிருப்பது 2 கட்டையே. ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. கொடைக்கு ஜெனரேட்டர் வைத்திருந்தார்களா? சுமை குறைந்த நேரத்தில் டீசல் ஜெனரேட்டர் 52 வரைகூட ஓடும். அப்படியானால் இந்தக் கணக்கு முழுவதும் கவிழ்ந்துவிடும்.

சேரன்மாதேவிக்காரன்:
பெரியம்மாவிடம் கேட்டேன். அந்த ஆண்டு ஜெனரேட்டருக்கு வரிப்பணம் போதவில்லை என்றும், கோயிலுக்கு எதிர்வீட்டு மீட்டரிலிருந்து ஒயர் இழுத்தார்கள் என்றும், அதற்காக அந்த வீட்டுக்காரர் பிறகு பல நாள் குறைபட்டுக்கொண்டிருந்தார் என்றும் சொன்னார். ஒலிக்கோப்பை மாற்றும் சாக்ஸ் (SoX) கட்டளையில் வேகத்தை 0.973 ஆகக் குறைத்து ஒரு படி எடுத்து வைத்தேன். தங்கை மகள் அதை ஓட்டிக்கொண்டே தன் ஆர்மோனியத்தில் 2 கட்டையை அழுத்திப் பார்த்தாள், இப்போது சேர்கிறது.