கைத்தையல் தெரிந்தவர் மிஷினில் முழு ரவிக்கை தைக்கப் பழகுவது எப்படி?

கொருக்குப்பேட்டை வாசகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவிலுள்ள தையல் கடைக்குக் கழுத்து ஹெம்மிங், கொக்கி, நூல் வளையம், புடவைக்கு ஃபால்ஸ் ஆகிய கைவேலைகளைப் பல ஆண்டுகளாகச் செய்து கொடுத்து வருகிறேன். வெட்டுவதும் மிஷினில் இணைப்பதும் கடைக்காரரின் வேலை என்பதால், ஏறக்குறைய முடிந்த உடைதான் என் கைக்கு வரும். இப்போது, மாமியார் பயன்படுத்திய பழைய கால் மிஷினை வைத்துக்கொண்டு முழு ரவிக்கையையும் நானே வெட்டித் தைக்கப் பழகத் தொடங்கியிருக்கிறேன்.

நேர்த் தையல் ஓரளவு வருகிறது. கைத்துண்டைக் கைக்குழியோடு இணைக்கும்போதுதான் சிக்கல். தைத்துக்கொண்டே போனால் கடைசியில் கைத்துண்டு மிஞ்சி நிற்கிறது. அதை இழுத்துச் சரிசெய்தால் தோள் பக்கம் சுருக்கம் விழுகிறது. இது போதாதென்று, தையல் தொடங்கும் இடத்தில் அடிப்பக்கம் நூல் கூடுகூடாகத் திரள்கிறது. மிஷினுக்கு மோட்டார் பொருத்தினால் சரியாகுமா? பயிற்சி நிலையத்தில் சேர்ந்தே ஆக வேண்டுமா? நான் அறிந்த கைத்தையலுக்கு இதில் ஏதாவது பயன் உண்டா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

தண்டையார்பேட்டை தையற்காரர்:

வணக்கம் அம்மா. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கைத்தையல் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரிதான். மிஷினை ஓட்டத் தெரிந்தும் ஊசியைக் கையில் பிடிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் கடினம்.

கைத்துண்டு மிஞ்சுவதற்குக் காரணம் உங்கள் கையில் இல்லை. ஊசிக்குக் கீழே உள்ள பல், அடித்துணியைப் பிடித்துப் பின்னால் தள்ளுகிறது. மேலே இருக்கும் துணியையோ பாதம், அதாவது ஊசியைச் சுற்றித் துணியை அழுத்தும் உலோகத் துண்டு, அழுத்திப் பிடித்துச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. ஆகவே இரண்டு துணிகளை ஒன்றாக ஓட்டினால் மேல்துணி கடைசியில் கொஞ்சம் நீண்டு நிற்கும். நேர்த் தையலில் இது கண்ணுக்குத் தெரியாது. கைக்குழியில் நன்றாகத் தெரியும், ஏனென்றால் கைத்துண்டின் மேல்வளைவே கைக்குழியின் சுற்றளவைவிட அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை கூடுதலாக வெட்டப்படுகிறது. தோள் உருண்டையாக இருப்பதால் அந்தக் கூடுதல் துணி தேவை. அதை மடிப்பு விழாமல் வளைவு முழுவதும் பரப்பி அடக்குவதுதான் வித்தை. நீங்கள் கைத்துண்டை மேலே வைத்துத் தைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதைக் கீழேயும் உடல்துண்டை மேலேயும் வைத்துப் பாருங்கள். மிஞ்சும் துணியைப் பல்லே உள்வாங்கிக்கொள்ளும்.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கைத்துண்டின் உச்சியைத் தோள் தையலோடு பொருத்தி, அங்கிருந்து முன்பக்கத்துக்கும் பிறகு பின்பக்கத்துக்கும் தற்காலிக ஓட்டுத் தையலைக் கையால் போடுங்கள். மிஷின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒரே திசையில்தான் போகும், கையோ நடுவிலிருந்து இரண்டு பக்கமும் போகும். கூடுதல் துணியைச் சரிசமமாகப் பங்கிட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தையல் நூல் என்ன நிறமோ அதற்கு மாறான நிறத்தில் ஓட்டுங்கள், பிறகு உருவ எளிதாக இருக்கும்.

முன் கைக்குழி பின் கைக்குழியைவிடச் சற்று உள்வாங்கி வெட்டப்படுவதால் கைத்துண்டுக்கும் முன், பின் உண்டு. இடது, வலது மாறிப்போனால் எப்படித் தைத்தாலும் சுருக்கம் விழும். எனவே வெட்டும்போதே முன்பக்கத்தில் இரண்டு, பின்பக்கத்தில் ஒன்று என்று சிறு வெட்டுக் குறிகள் இட்டுவிடுங்கள். அக்குள் பக்கம் துணி இறுகிப் பிடித்தால், தையலைத் தொடாமல் விளிம்புத் துணியில் மட்டும் ஆங்காங்கே கத்திரியால் ஒரு கீறல் போடுங்கள்.

ராயபுரம் மெக்கானிக்:

பெரியவர் துணியைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் மிஷினைப் பற்றிச் சொல்கிறேன். அடியில் நூல் திரண்டால் எல்லோரும் அடிநூல் உருளையை வைக்கும் கூடான பாபின் கேஸின் திருகைத்தான் திருகுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில்தான் இருக்கும். பாதத்தை இறக்கி வைத்தபடி நூல் கோத்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருப்பதால் நூல் அவற்றின் இடையே உட்காராது. பிடிப்பே இல்லாத மேல்நூல் அடியில் போய்க் குவியும். எனவே பாதத்தைத் தூக்கி வைத்துத்தான் நூல் கோக்க வேண்டும். தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பாதத்துக்குப் பின்னால் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சக்கரம் பின்னோக்கிச் சுழன்றாலும் நூல் சிக்கி அறுந்துவிடும். புதிதாக மிதிப்பவர்கள் நூலே கோக்காமல், கோடு போட்ட தாளை வைத்து ஓட்டிப் பழகினால் காலும் கையும் இணைந்து வரும்.

பாபின் கேஸைச் சோதிக்க வேண்டுமென்றால் அதன் நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாகக் கீழே வழுக்கிப் போனால் பிடிப்பு குறைவு. லேசாகச் சுண்டினால் சிறிது இறங்கி நின்றால் சரியாக இருக்கிறது என்று பொருள்.

ஊசியையும் பாருங்கள். வீட்டு மிஷின் ஊசியின் தலைப்பகுதி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். ஆடை ஆலைகளில் ஓடும் பவர் மிஷினின் ஊசியில் அது உருண்டையாக இருக்கும். கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், கவனித்து வாங்குங்கள். ஊசியின் நீளமான பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து நூலைக் கோக்க வேண்டும், தட்டைப் பக்கம் அதற்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும். பருத்தி ரவிக்கைக்கு 14ஆம் எண் ஊசி போதும். மெல்லிய பட்டுக்கு 11, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16 அல்லது 18.

தயவுசெய்து தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது நாளடைவில் பிசினாக இறுகிவிடும், அதைச் சுரண்டி எடுப்பதுதான் என் பிழைப்பில் பெரும்பகுதி. காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக்காற்று வேறு. வேலை முடிந்ததும் மிஷினை மூடி வையுங்கள், ஊசிகளை எண்ணெய் தடவிய துணியில் சுற்றி வையுங்கள். மோட்டாரை இப்போது பொருத்த வேண்டாம். வளைவில் ஓரிரு தையல் மட்டும் போட்டு நிறுத்தும் அடக்கம் கால் மிஷினில்தான் விரைவில் கைவரும்.

வியாசர்பாடி வாசகி:

ஏற்றுமதி ஆடை நிறுவனம் ஒன்றில் பவர் மிஷினில் வேலை செய்தவள் என்ற முறையில் ஒரு மாறுபட்ட கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். அங்கே ஒருவருக்கு ஒரு வேலைதான். காலர் தைப்பவர் ஆண்டுக்கணக்கில் காலர் மட்டுமே தைப்பார். வேகம் வரும், முழுச் சட்டை தைக்க வராது. ஆகவே மிஷின் ஓட்டும் பயிற்சியைவிட, வெட்டுவதைச் சொல்லித்தரும் இடம்தான் உங்களுக்குத் தேவை. தற்காலிகத் தையலைப் பொறுத்தவரை, பழகும்வரை ஐயா சொன்னபடி செய்யுங்கள். கூலிக்குத் தைக்கத் தொடங்கியபின் ஒவ்வொரு கைக்கும் அதைப் போட்டுக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. வெட்டுக் குறியும் நான்கு குண்டூசிகளும் போதும்.

சான்றிதழ் வேண்டுமானால் ஐடிஐ-யில் ஓராண்டு சூயிங் டெக்னாலஜி பிரிவு உண்டு; அரசுத் தொழில்நுட்பத் தேர்விலும் தையல் ஒரு பாடம். கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் போன்றோருக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. அவர் நம் பெரம்பூர்த் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். அதற்கும் தையல் தெரியும் என்ற சான்று கேட்பார்கள். உங்களிடம் மிஷின் இருக்கிறது, ஆனால் அக்கம்பக்கத்தில் யாருக்காவது பயன்படலாம்.

கொருக்குப்பேட்டை வாசகி:

மூவருக்கும் மிக்க நன்றி. கைத்துண்டைக் கீழே வைத்து, பழைய வேட்டித் துணியில் ஓட்டிப் பார்த்தேன், மிஞ்சவில்லை. பாதத்தைத் தூக்கி நூல் கோத்ததும் அடியில் திரள்வது நின்றுவிட்டது. வெட்டுவது பற்றி ஒரு கேள்வி. அளவு ரவிக்கையைத் துணியின் மேல் விரித்து அப்படியே வரைந்து வெட்டலாமா?

தண்டையார்பேட்டை தையற்காரர்:

வேண்டாம் அம்மா. அளவு ரவிக்கை பலமுறை துவைத்துச் சுருங்கியிருக்கும், சாய்வான இடங்களில் இழுபட்டும் இருக்கும். டார்ட், அதாவது உடம்பின் வளைவுக்கேற்ற கூம்பு மடிப்பு, பிடித்துத் தைத்த முன்பக்கத்தைத் தட்டையாக விரிக்கவும் முடியாது. கழுத்து ஆழம், கை நீளம், மொத்த உயரம் ஆகியவற்றை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மார்பு, இடுப்புச் சுற்றளவுகளை இஞ்ச் டேப்பால் உடம்பில் எடுங்கள். முதலில் காக்கித் தாளில் வரைந்து வெட்டி, அதை மலிவான துணியில் தைத்துப் போட்டுப் பார்த்த பிறகு நல்ல துணியில் கத்திரி வையுங்கள். பழகுவதற்கான துணிக்கு எம்.சி. ரோட்டில் கட்பீஸ் பாருங்கள்; கோடவுன் தெருவில் மொத்தமாகத்தான் கட்டுப்படியாகும். லைனிங் துணியை வெட்டும் முன் ஓர் இரவு நீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே உள்துணி சுருங்கி மேல்துணி உப்பி நிற்கும். பாவு நூல், அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூல், மேலிருந்து கீழாக ஓடும்படி தாளை வையுங்கள். கழுத்து விளிம்பில் வைத்துத் தைக்கும் பைப்பிங் துணியை மட்டும் 45 டிகிரி கிராஸில், அதாவது சாய்வாக, வெட்டுங்கள். பக்கத் தையலுக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் துணி விடுங்கள், ரவிக்கை இறுக்கமாகிவிட்டது என்று ஆறு மாதத்தில் வாடிக்கையாளர் திரும்பி வருவார்.