ரவுட்டர் கட்டமைப்பில் ஒரு பகுதியை மட்டும் பார்ப்பது எப்படி?

ஹட்டனிலிருந்து கேள்வி: தேயிலைத் தொழிற்சாலையின் சிஸ்கோ ரவுட்டருக்குள் தொலைவிலிருந்து நுழைந்து ‘ஷோ ரன்னிங்-கான்ஃபிக்’ (இயங்கும் கட்டமைப்பைக் காட்டும் கட்டளை) கொடுத்தால் பக்கம் பக்கமாகக் கொட்டுகிறது. மழை பிடித்தால் இணைப்பு நடுவிலேயே அறுந்துவிடும். ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் பாதைத் தகவல் பகிரும் நெறிமுறை) பகுதி மட்டும் போதும். ‘இன்குளூட்’ என்ற வடிகட்டி ஒற்றை வரியைத்தான் காட்டுகிறது.

பதில்: தம்பி, இன்குளூட் அந்தச் சொல் உள்ள வரிகளை மட்டுமே பொறுக்கும். அதே கட்டளைக்குப் பின் செங்குத்துக் கோடு (|) போட்டு ‘செக்ஷன் ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப்’ என்று அடியுங்கள். தலைவரியும் அதன்கீழ் உள்தள்ளிய வரிகளும் சேர்ந்து வரும். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில். பெரிய எழுத்தில் தேடினால் வெறுமைதான்.

பண்டாரவளையிலிருந்து: ஓர் இன்டர்ஃபேஸ் (ரவுட்டரின் இணைப்பு முனை) மட்டுமென்றால் கோடே வேண்டாம்; கட்டளைக்குப் பின்னால் அதன் பெயரைச் சேர்த்தால் போதும். ‘பிகின்’ வடிகட்டி பக்கம் போகாதீர்கள், தேடிய சொல் முதலில் வரும் இடத்திலிருந்து கடைசிவரை கொட்டித் தீர்க்கும்.

கேட்டவர்: வந்துவிட்டது அண்ணா! முன்பிருந்த புண்ணியவான் ஏரியா (ஓஎஸ்பிஎஃப் பிரிவு எண்) 0 என்பதை 10 ஆக்கியிருக்கிறார். எண் பொருந்தாததால்தான் பக்கத்து ரவுட்டர் பேசவில்லை.